பாளையில் கணக்கு டியூஷன்: ஆசிரியரை எதை வச்சு முடிவு பண்ணணும்?

தெற்குபஜார் எழுதியது:

வணக்கம். மகன் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கான். மாநிலப் பாடத்திட்டம், ஆங்கில வழி. பத்தாம் வகுப்புக் கணக்கில் 91. என்.ஐ.டி. மாதிரி கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு ஜே.இ.இ. மெயின் எழுதணும்னு ஆசைப்படுதான். அது சரிவரலைன்னா பொறியியல் கவுன்சலிங்கில் நம்ம ஊர் அரசினர் பொறியியல் கல்லூரி கிடைச்சாலே போதும்னு வீட்ல நெனைக்கோம். மகள் பி.காம். முடிச்சுட்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் வங்கி கிளார்க் தேர்வுக்கும் படிக்கா. அவளுக்குக் கணக்குன்னாலே பயம்.

ரெண்டு ஆசிரியர்களை விசாரிச்சு வச்சிருக்கோம். ஒருத்தர் பெருமாள்புரத்தில் எடுக்காரு. எம்.எஸ்சி., பி.எட்., ரொம்ப வருஷ அனுபவம், ஒரு பேட்ச்சுக்கு 40 பேர். இன்னொருத்தர் மகாராஜநகரில். பொறியியல் படிச்ச இளவயசுக்காரர், ஜே.இ.இ. தானே எழுதினவர், பேட்ச்சுக்கு அஞ்சு பேர், கட்டணம் மூணு மடங்கு. ரெண்டு பேருமே "கொண்டுவந்து விடுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்"னு சொல்லுதாங்க.

அவங்ககிட்ட என்ன கேக்கணும்? படிப்பைப் பாக்கணுமா, அனுபவத்தைப் பாக்கணுமா, இல்ல சொல்லிக் குடுக்குற முறையைப் பாக்கணுமா? முறைன்னா கணக்கு தெரியாத பெத்தவங்க அதை எப்படிக் கண்டுபிடிக்கது? ரெண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ஆசிரியர் போதுமான்னும் சொல்லுங்க.

அம்பை_கணக்கு எழுதியது:

அண்ணாச்சி, பட்டம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முதலில் பிரிச்சுக்கிடுங்க. எம்.எஸ்சி. கணிதம் படித்தவரிடம் பையன் "ஏன் அப்படி?" என்று கேட்டால் அடிவரை இறங்கிப் பதில் சொல்ல முடியும். சார்பு, எல்லை, தொடர்ச்சி போன்ற பாடங்களில் அது பெரிய உதவி. பி.எட். இருந்தால் ஒரு பாடத்தைப் பிரித்துத் திட்டமிடும் பயிற்சி இருக்கும். பொறியியல் படித்தவருக்கு நுண்கணிதமும் அணிகளும் கையோடு இருக்கும். ஆனால் சேர்வியலையும் கூம்பு வெட்டிகளையும் கல்லூரியில் அவ்வளவாகத் தொட்டிருக்க மாட்டார். அதனால் அவரிடம் மாதிரி வகுப்பு கேட்டால் அந்த இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்க. நுண்கணிதம் எடுத்தால் யாருமே நன்றாகத்தான் தெரிவார்கள்.

"எத்தனை வருஷ அனுபவம்" என்று கேட்பதை விட, "கடைசி ரெண்டு வருஷம் எந்த வகுப்பு, எந்தப் பாடத்திட்டம் எடுத்தீங்க" என்று கேளுங்க. மாநிலப் புத்தகம் பதினொன்றுக்கு 2018–19லும் பன்னிரண்டுக்கு 2019–20லும் மாறிவிட்டது. அவர் கொடுக்கிற பிளஸ் டூ மெட்டீரியலைப் புரட்டிப் பாருங்க. அதில் 6 மார்க், 10 மார்க் என்று கேள்விகள் பிரிக்கப்பட்டிருந்தால் அது பழைய 200 மார்க் காலத்துத் தாள். இப்போது 1, 2, 3, 5 மார்க் கேள்விகள் மட்டுமே. இதைப் பார்க்கக் கணக்கு தெரிய வேண்டியதில்லை.

இனி முறை. எனக்குத் தெரிந்து ஓர் ஆசிரியரை எடைபோட உறுதியான ஒரே வழி, ஒரு தப்பு விடையைக் கண்டதும் அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான். அதற்குச் சேரும் முன்னாலேயே பையனிடம் எட்டுக் கேள்வி கொடுத்து, அரை மணி நேரத்தில், கால்குலேட்டர் இல்லாமல், படிகளோடு எழுதச் சொல்லுங்க. திருத்தாமல் அப்படியே ஆசிரியரிடம் கொண்டுபோங்க.

முதல் கேள்வி: 3/4 − 5/6 எவ்வளவு? விடை −1/12. மேலதை மேலதிலும் கீழதைக் கீழதிலும் கழித்து 1 என்று எழுதியிருந்தால் பின்னமே நழுவியிருக்கு. 1/12 என்றால் பின்னம் சரி, குறியில்தான் தடுமாற்றம். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டாவது: எக்ஸ்² = 5எக்ஸ். விடை 0, 5. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு பக்கமும் எக்ஸால் வகுத்து 5 என்று மட்டும் எழுதுவார்கள். பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுக்கக்கூடாது என்பது மனதில் ஏறாததே காரணம். இதே தப்பு முக்கோணவியல் சமன்பாடுகளில் பாதித் தீர்வுகளைத் தின்றுவிடும். மூன்றாவது: −2எக்ஸ் < 6. விடை எக்ஸ் > −3. குறை எண்ணால் வகுத்தபோது அடையாளத்தைத் திருப்பினானா என்று பார்க்கத்தான் இது. நான்காவது: (−3)² என்பதன் வர்க்கமூலம். விடை 3 மட்டும். −3 அல்லது ±3 என்று எழுதினால் மட்டு மதிப்பு புரியவில்லை, அது எல்லைக் கணக்குகளிலும் தொகையிடலிலும் திரும்பத் திரும்பக் கடிக்கும்.

ஐந்தாவது: சைன் 60° என்பது சைன் 30°-ஐப் போல இரண்டு மடங்கா? இல்லை. ஒன்று √3/2, அதாவது சுமார் 0.866. மற்றதன் இரண்டு மடங்கு 1. "ஆமாம்" என்று எழுதுகிற பிள்ளை சைனை ஒரு சார்பாகப் பார்க்காமல் பெருக்கல் எண்ணாகப் பார்க்கிறது. பிளஸ் ஒன் முக்கோணவியல் முழுக்க இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆறாவது: ஒரு பொருளின் விலை 20% ஏறி, பிறகு 20% இறங்கினால் என்ன ஆகும்? 100 ரூபாய் 120 ஆகி 96-க்கு வரும், 4% குறைவு. ஏழாவது: பாளையிலிருந்து அம்பைக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், 60 கி.மீ. வேகத்தில் அதே வழியில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? 48. எல்லாரும் 50 என்பார்கள். மெதுவாகப் போன பயணம் அதிக நேரம் எடுக்கிறது என்பதை மறந்து இரண்டு எண்ணையும் கூட்டிப் பாதியாக்குவதால் வருவது அந்த 50. எட்டாவது: (2, 3), (5, 9) வழியாகப் போகும் நேர்கோட்டின் சமன்பாடு. சாய்வு 2, சமன்பாடு ஒய் = 2எக்ஸ் − 1. சாய்வு வரைக்கும் வந்து நின்றால் சூத்திரம் மனப்பாடம், பொருள் இல்லை என்று அர்த்தம்.

இந்தத் தாளைப் பார்த்ததும் "எட்டுக்கு அஞ்சு, கொஞ்சம் வீக், சரிபண்ணிருவோம்" என்று சொன்னால் அந்த ஆசிரியர் மார்க்கை மட்டும் பார்க்கிறார். "இந்த ரெண்டாவதை எப்படிச் செஞ்ச, வாயால சொல்லு" என்று பையனைப் பேசவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேனா வைக்காமல் கேட்டால் அவரை நம்பலாம். நல்ல ஆசிரியர் அடுத்ததாக அதே தப்பைப் பிடிக்கிற இன்னொரு கேள்வியை அந்த இடத்திலேயே உண்டாக்கிக் கொடுப்பார். உதாரணமாக எக்ஸ்³ = 4எக்ஸ். 0, 2, −2 மூன்றும் வருதா என்று பார்ப்பார்.

40 பேர், 5 பேர் கணக்கையும் போட்டுப் பாருங்க. 90 நிமிஷ வகுப்பில் ஆசிரியர் வாயே திறக்காமல் சுற்றி வந்தால்கூட 40 பேரில் ஒருவருக்கு இரண்டே கால் நிமிஷம். 5 பேரில் 18 நிமிஷம். அதற்காகப் பெரிய பேட்ச் வீண் என்று சொல்ல வரவில்லை. நாற்பது பேருக்கும் வாராவாரம் தாள் திருத்தி, தப்பை வகைபிரித்துத் திருப்பித் தருகிற ஏற்பாடு இருந்தால் அது நல்ல வகுப்பு. அஞ்சு பேரை வைத்துக்கொண்டு ஆசிரியர் தானே போர்டில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தால் மூன்று மடங்கு கட்டணத்துக்கு அர்த்தமில்லை.

90 நிமிஷம் எப்படிப் போகணும் என்றால்: முதல் 10 நிமிஷம் போன வகுப்புத் தப்புகள். 25 நிமிஷம் புதுக் கருத்து, இரண்டு எடுத்துக்காட்டு, அவ்வளவுதான். அடுத்த 45 நிமிஷம் பிள்ளைகளே போடணும், ஆசிரியர் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கணும். கடைசி 10 நிமிஷம் ஒரு சின்ன எழுத்துத் தேர்வு. வீட்டுக்கு 12 முதல் 15 கணக்கு போதும், அதில் மூன்றில் ஒரு பங்கு பழைய பாடங்களிலிருந்து வரணும். புதுப் பாடத்தில் மட்டும் ஐம்பது கொடுத்தால் பையன் முதல் அஞ்சுக்குப் பிறகு யோசிக்காமல் அதே அச்சில் ஓட்டிவிடுவான். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கிற வேலையே அவனுக்கு இருக்காது. பரீட்சையிலோ அதுதான் முதல் வேலை.

தெற்குபஜார் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஒரு சந்தேகம். 91 வாங்குன பையனுக்குப் பின்னமும் குறியும் சோதிக்கணுமா? அவன் கோவிச்சுக்கிடுவான் போல.

வண்ணார்பேட்டை_மதி எழுதியது:

கட்டாயம் சோதிங்க. பத்தாம் வகுப்புத் தாளைப் பிரிச்சுப் பாத்தா காரணம் தெரியும். 14 ஒரு மார்க். 2 மார்க்கில் 14 கேட்டு 10 எழுதச் சொல்லுதாங்க, 5 மார்க்கிலும் அப்படியே 14-க்கு 10. 8 மார்க் ரெண்டு: ஒண்ணு செய்முறை வடிவியல், ஒண்ணு வரைபடம். அந்த 16 மார்க் பழக்கத்துல வரும். கட்டாய வினா தவிர மத்ததுல, பிடிக்காத பாடத்தை ஒதுக்கிக்கிட இடம் இருக்கு. முக்கோணவியலையோ ஆயத்தொலை வடிவியலையோ தொடாமலே 90 தாண்டலாம். பிளஸ் ஒன்ல அந்த ரெண்டும்தான் அஸ்திவாரம். பையன்கிட்ட "எந்தப் பாடத்தை சாய்ஸ்ல விட்ட?"ன்னு மட்டும் கேளுங்க, மறைக்காம சொல்லுவான்.

ஜே.இ.இ. பத்தி. அம்பை அண்ணாச்சி சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. பொறியியல் படிச்சவரா, எம்.எஸ்சி.யாங்கிறதை விட, அவர் கடந்த வருஷத் தாள்களை நேரம் வச்சுத் தானே உக்காந்து போட்டிருக்காரான்னு கேக்கணும். எப்பவோ ஜே.இ.இ. எழுதினதுல பெரிய பலன் இல்லை, தேர்வே மாறிப்போச்சு. இப்போ மெயின்ல 75 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம், கம்ப்யூட்டர்லதான். ஒவ்வொரு பாடத்திலும் 20 நாலு விடைக் கேள்வி, 5 எண் விடைக் கேள்வி. இந்த அஞ்சில் சாய்ஸ் இருந்தது, 2025-லிருந்து இல்லை. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1, எண் விடைக்கும் மைனஸ் உண்டு. "எண் விடையில மைனஸ் கிடையாது, சும்மா போடு"ன்னு ஆசிரியர் சொன்னார்னா அவர் பழைய விதியைச் சொல்லுதார். ஜனவரி, ஏப்ரல்னு ரெண்டு தடவை நடக்கும், நல்ல மதிப்பெண் எதுவோ அது எடுத்துக்கிடப்படும். தமிழ் உட்பட 13 மொழியில் கேள்வி கிடைக்கும்.

நேரத்தைப் பிரிக்கிறதைச் சொல்லிக் குடுக்காத கோச்சிங் பாதிக் கோச்சிங்தான். சராசரி ஒரு கேள்விக்கு 2 நிமிஷம் 24 விநாடி. ஆனா கணக்கு அதுக்குள்ள அடங்காது. வேதியியலுக்கு 45, இயற்பியலுக்கு 60, கணக்குக்கு 75 நிமிஷம்னு வச்சுக்கிடலாம். கணக்குல மூணு சுத்து. முதல் சுத்துல பாத்ததுமே வழி தெரியிறதை மட்டும் போடணும். ரெண்டாவதுல வழி தெரிஞ்சு வேலை நீளமா இருக்குறது. மூணாவதுல மிச்சம், அதுவும் ரெண்டு விடையையாவது நீக்க முடிஞ்சா மட்டும். ஏன்னா, நாலுல ஒண்ணைக் கண்ணை மூடிக் குத்தினா சராசரி லாபம் கால் மார்க்தான். ரெண்டை நீக்கிட்டுக் குத்தினா ஒன்றரை மார்க். எண்ணைக் கூட்டணும்னு 22 கேள்வி தொட்டு 13 சரி, 9 தப்புன்னா 43 மார்க். 18 தொட்டு 15 சரி, 3 தப்புன்னா 57. பையனுக்கு இந்த ரெண்டு வரியையும் எழுதிக் காட்டுற ஆசிரியர் கிடைச்சா விடாதீங்க.

அடுத்து, மாநிலப் பாடமும் ஜே.இ.இ.யும் எங்க பிரியுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். பிளஸ் டூ கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதம் மெயின்ல இல்லை. பிளஸ் ஒன்ல வர்ற கணிதத் தொகுத்தறிதலும் 2024-லிருந்து மெயின் பாடத்திட்டத்தில் இல்லை. தொடர்கள், ஈருறுப்புத் தேற்றம், வரிசை மாற்றம், நிகழ்தகவு இதெல்லாம் மாநிலப் புத்தகத்துல இருந்தாலும் மெயின் கேக்குற ஆழம் வேற. இதுல பெரும்பகுதி பிளஸ் ஒன் பாடம். 2025–26-லிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அதனால பிளஸ் ஒன் பாடத்தை அவசரமா ஓட்டிட்டு பிளஸ் டூ பாடத்துக்குப் போகிற ஆசிரியர்கள் வருவாங்க. உங்க பையனுக்கு அது நேரடி நஷ்டம். "பிளஸ் ஒன் போர்ஷன் எந்த மாசம் முடிப்பீங்க?"ன்னு கேளுங்க. பிப்ரவரிக்கு முன்னாடி முடிப்பேன்னு சொன்னா, எதை விடுதீங்கன்னு அடுத்த கேள்வி கேளுங்க.

ஒரே கணக்கை ரெண்டு தேர்வுக்கும் எப்படி எழுதுறதுன்னு அவர் காட்டணும். 0-விலிருந்து π/2 வரை, சைனை (சைன் + காஸ்)-ஆல் வகுத்துத் தொகையிடுறதை எடுத்துக்கிடுங்க. மெயின்ல அதைப் பாத்ததும், எக்ஸுக்குப் பதிலா π/2 − எக்ஸ் போட்டா சைனும் காஸும் இடம் மாறும், ரெண்டையும் கூட்டினா 1, அதனால விடை π/4, 20 விநாடி. பொதுத்தேர்வுல இதே விடையை மட்டும் எழுதினா மார்க் வராது. பண்பை எழுதணும், மாற்றிய தொகையை எழுதணும், ரெண்டையும் கூட்டின வரி வேணும், அப்புறம்தான் விடை. படிக்குப் படி மார்க். குறுக்குவழி மட்டும் சொல்லிக் குடுத்த பிள்ளைகள் பிளஸ் டூவுல 5 மார்க்குக்கு 2 வாங்கி முழிக்கிறது இதனாலதான். கவுன்சலிங்ல தரவரிசை போடுற கட்-ஆஃப் மார்க் 200-ல் கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50. கணக்குல ஒரு மார்க் போனா கட்-ஆஃப்ல ஒண்ணு முழுசா போகும், மத்ததுல அரை.

நம்ம பக்கத்துக்குன்னு ஒரு விஷயம். வடகிழக்குப் பருவமழை நமக்கு அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரைக்கும். மழை லீவு, அரையாண்டுத் தேர்வு எல்லாம் சேர்ந்து வரும், அடுத்து ஜனவரியில மெயின். பிளஸ் டூ வருஷத்துல புதுப் பாடம் அக்டோபர் நடுவுக்குள்ள முடியிற மாதிரி ஆசிரியரிடம் அட்டவணை வாங்கிக்கிடுங்க. டிசம்பரை நம்பித் திட்டம் போட்டவர் நம்ம ஊர் நிலவரம் யோசிக்காதவர்.

தச்சநல்லூர்_தேர்வர் எழுதியது:

மகளுக்கு வேற ஆசிரியர் பாருங்க. ஜே.இ.இ. எடுப்பவர் குரூப் 4 எடுக்க முடியாது என்பதல்ல. அங்கே ஆழம், இங்கே வேகமும் பரப்பும். தயாரிப்பே வேறு.

முதலில் குரூப் 4-இல் கணக்குக்கு எவ்வளவு இடம் என்று பாருங்கள். மொத்தம் 200 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம். தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவு 25. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், ஆக கணக்கும் தர்க்கமும் சேர்ந்து 37.5. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 வாங்கவில்லை என்றால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். எனவே "முதல் மூணு மாசம் கணக்கு மட்டும்" என்று வகுப்பு வைப்பவரிடம் சேர்க்காதீர்கள். நாளுக்கு 45 நிமிஷம் கணக்கு, விடாமல், அது போதும்.

பாடப்பட்டியல் குறுகியது: சுருக்குதல், சதவீதம், மீ.பெ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கன அளவு, நேரமும் வேலையும், பிறகு பகடை, புதிர், எண் தொடர். தேர்வுத் தரம் பத்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள அரசுப் புத்தகங்களை வரிசையாகப் போடவைக்கிற ஆசிரியரே போதும். தேர்வாணையம் பழைய தாள்களைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அவர் அவற்றைத் தலைப்புவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

பயம் உள்ள பிள்ளைக்குச் சூத்திரத்தைக் குறைக்கிற ஆசிரியர் வேண்டும். ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 18 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள் என்றால், பின்னங்களைக் கூட்டச் சொல்லாமல், வேலை மொத்தம் 36 பங்கு என்று மீ.சி.ம. எடுக்கச் சொல்லணும். ஒருவர் நாளுக்கு 3 பங்கு, மற்றவர் 2, சேர்ந்தால் 5, ஆக 36/5 = 7.2 நாள். நடுவில் ஒருவர் விலகினால் என்ன என்று கேள்வியைத் திருப்பினாலும் இதே வழி நிற்கும், சூத்திரம் நிற்காது. கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் அடிக்கடி வருகிற கேள்வி. 10,000 ரூபாய்க்கு 8% வட்டியில் இரண்டு வருஷ வித்தியாசம் 64 ரூபாய், அதாவது முதல் வருஷ வட்டி 800-க்கு வந்த வட்டி. மூன்று வருஷத்துக்கு 197.12. இரண்டு வருஷச் சூத்திரத்தை ஒன்றரை மடங்காக்கி 96 என்று எழுதுவதுதான் இங்கே நடக்கும் தப்பு. "வட்டிக்கு வட்டி எது எது" என்று வருஷ வாரியாக எழுதவைத்தால் அந்தத் தப்பு போய்விடும்.

குரூப் 4-இல் தப்புக்கு மார்க் கழிக்கமாட்டார்கள். தெரியாத கணக்காக இருந்தாலும் முதல் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கணும். ஐந்தாவது வட்டம் "விடை தெரியவில்லை" என்பதற்கு, அதைக் குறித்தால் மார்க் நிச்சயம் இல்லை. எதையும் நிரப்பாமல் வெறுமையாக விட்டால் கழிவு உண்டு. 200 வட்டம் நிரப்பவே கால் மணி நேரம் பிடிக்கும். மாதிரித் தேர்வை ஓ.எம்.ஆர். தாளும் கறுப்புப் பந்துமுனைப் பேனாவும் வைத்து நடத்தாத வகுப்பில் இந்தக் கால் மணி நேரம் கணக்கிலேயே வராது. கடைசியில் அவசரமாகக் குறித்து வரிசை தவறிவிடும்.

வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வு இதற்கு நேர் எதிர். 35 கணக்குக் கேள்விக்கு 20 நிமிஷம்தான், தனியாகப் பூட்டிய நேரம். ஒரு கேள்விக்கு சுமார் 34 விநாடி. தப்புக்குக் கால் மார்க் போகும். ஐந்து விடையில் கண்ணை மூடிக் குத்தினால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, ஆனால் அதற்குச் செலவழித்த விநாடிகள் நஷ்டம். இதற்கு 30 வரை வர்க்கம், 15 வரை கனம், பின்னத்துக்குச் சதவீதம் (1/7 என்றால் 14.28, 1/8 என்றால் 12.5, 1/12 என்றால் 8.33) நாக்கு நுனியில் இருக்கணும். காலையில் பத்து நிமிஷம் கேட்டு ஒப்பிக்க வைத்தால் இரண்டு மாதத்தில் வரும். அது வராமல் தாள் மேல் தாளாக மாதிரித் தேர்வு எழுதினால் மார்க் ஒரே இடத்தில் நிற்கும்.

காசு கொடுக்கும் முன் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் விசாரியுங்கள். போட்டித் தேர்வுகளுக்கு அங்கே இலவச வகுப்பு நடத்துகிறார்கள்.

மேலப்பாளையம்_வாசகர் எழுதியது:

கட்டணம் பற்றி நாலு வரி. ரெண்டு வருஷப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் குடுக்காதீங்க. மாசாமாசம், கூடிப்போனா மூணு மாசத்துக்கு ஒருக்கா, ரசீதோட. ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டுதல், 50 பேருக்கு மேல் படிக்கிற மையங்களுக்கு: எடுப்பவர் குறைஞ்சது பட்டதாரியா இருக்கணும், மார்க் உத்தரவாதம் குடுக்கக்கூடாது, முழுப் பணம் கட்டின பிள்ளை நடுவில் நின்னா மிச்ச நாளுக்கான தொகையை 10 நாளுக்குள் திருப்பணும். அது வழிகாட்டுதல்தான், இருந்தாலும் பேசும்போது கையில் இருக்கட்டும். இன்னொண்ணு, பள்ளியில் வேலை பாக்குற ஆசிரியர் தனியா டியூஷன் எடுக்கிறதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28 தடுக்குது. "பள்ளியிலயும் நான்தான், இங்கயும் நான்தான்"னு யாராவது சொன்னா அதைத் தகுதியா எடுத்துக்கிடாதீங்க.

சுவரில் ஒட்டின படங்களைப் பாத்தும் மயங்க வேண்டாம். அந்தப் பிள்ளை அங்க முழு வகுப்பு படிச்சதா, கடைசி மாசம் டெஸ்ட் பேட்ச் மட்டும் எழுதினதான்னு கேளுங்க.

தெற்குபஜார் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ரெண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் டியூஷன் போதும்? ஒரு மாசம் போனப்புறம் முன்னேற்றம் இருக்கான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிடது? மாத டெஸ்ட்ல எல்லாருக்கும் 80-க்கு மேல போட்டுக் குடுத்துருதாங்கன்னு கேள்விப்பட்டேன்.

அம்பை_கணக்கு எழுதியது:

கணக்குக்கு வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அதைப் போல ஒன்றரை மடங்காவது தனியே உட்கார்ந்து போடணும், அதாவது வாரம் ஏழு மணி நேரம். தினமும் டியூஷன் வைத்தால் அந்த ஏழு மணி நேரம் எங்கிருந்தும் வராது. பள்ளி முடிந்து நேரே பஸ் ஏறி வகுப்புக்குப் போய் இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிற பிள்ளை கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கும், கைபோட்டுப் பழகாது.

முன்னேற்றம் பார்க்க மாத டெஸ்ட் மார்க்கை விட்டுத் தப்பு நோட்டைப் பாருங்க. சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே ஒரு தனி நோட்டு, நாலு கட்டம்: கேள்வி, நான் செய்த படி, ஏன் தப்பு, மறுபடி போட்ட தேதி. மூன்றாவது கட்டத்தில் "கவனக்குறைவு" என்று எழுதவிடக்கூடாது, அந்தச் சொல்லால் எதையும் சரிசெய்ய முடியாது. கருத்து தப்பா, கணக்கீடு தப்பா, கேள்வியைத் தப்பாக வாசித்தானா, நேரம் போதவில்லையா என்று நான்கில் ஒன்றை எழுதணும். "குறி தப்பு" என்றால் எந்த வரியில், அடைப்பைப் பிரிக்கும்போதா, பக்கம் மாற்றும்போதா என்று வரணும். நான்காவது கட்டத்தில் மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் என மூன்று தேதி. பழைய விடையைப் பார்க்காமல் வெள்ளைத் தாளில் போட்டுப் பார்த்துச் சரியாக வந்தால் மட்டும் தேதி போடலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, மாதக் கடைசியில் அந்த நோட்டை எடுத்து ஒவ்வொரு வகையும் எத்தனை என்று எண்ணுவது மட்டுமே. கருத்துத் தப்பு குறைந்து நேரத் தப்பு கூடினால் பாடம் ஏறுகிறது, வேகம் பின்னால் வரும். கருத்துத் தப்பு அப்படியே நிற்க டெஸ்ட் மார்க் மட்டும் ஏறினால், வகுப்பில் போட்ட கணக்கையே டெஸ்டிலும் கேட்கிறார்கள் என்று அர்த்தம். ஆசிரியரிடம் அதை நேராகவே சொல்லலாம், நல்லவர் கோபப்படமாட்டார்.

ஆறு வாரம் கழித்து அந்த எட்டுக் கேள்வியை எண் மாற்றி மறுபடி கொடுங்க. 3/4 − 5/6-க்குப் பதில் 2/3 − 7/8 (விடை −5/24), 20 சதவீதத்துக்குப் பதில் 10 ஏறி 10 இறங்குவது (1% குறைவு), 40, 60-க்குப் பதில் 30, 60 (சராசரி 40). இரண்டாவது கேள்வியை மட்டும் எக்ஸ்² = −7எக்ஸ் என்று குறி மாற்றி வைங்க, விடை 0, −7. அதில் பூச்சியத்தை மறுபடி விட்டிருந்தால் அந்தத் தாளோடு ஆசிரியரைப் போய்ப் பாருங்க.